மாசியில் மலரும் தோட்டம்

நுழையும் முன்

நாட்காட்டி சுவரில் தொங்குகிறது. கடிகாரம் கையில் இருக்கிறது. இவ்விரண்டும் இல்லாமலேயே காலத்தை அறிந்து, உரிய நாளில் மலர்பவை செடிகள். தில்லி வீடுகளின் வாசலிலும் மாடியிலும் மாசி மாதத்தில் பூக்கும் செடிகள் காலத்தை எவ்வாறு அறிகின்றன, அக்காலம் தவறினால் என்ன நேர்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு ஊர்கள், இரண்டு வசந்தங்கள்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இப்பகுப்பின்படி வசந்தம் எனப்படும் இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது.

தில்லியில் வாழ்பவர் கண்ணெதிரே காண்பது வேறு. மார்கழியிலும் தையிலும் அங்கே மூடுபனி தெருவை மறைக்கும். சில நாள்களில் நண்பகல் வரை கதிரவன் தென்படுவதில்லை. இரவின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. பிப்ரவரித் திங்களின் நடுவில் பனி விலகி, வெயில் இதமாகிறது. அப்போதே தோட்டங்கள் நிறம் கொள்கின்றன. வட இந்திய மக்கள் மஞ்சள் ஆடை உடுத்திக் கொண்டாடும் வசந்த பஞ்சமியும் இப்பருவத்தை ஒட்டியே வருகிறது. நகருக்கு வெளியே கடுகு வயல்கள் மஞ்சள் விரிப்பாகக் காட்சி தருகின்றன. மார்ச் முடிவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. சித்திரை பிறக்கும்போது கோடைதான் நிலவுகிறது. வைகாசியில் 'லூ' என்னும் அனல்காற்று வீசும். ஆகவே, தில்லியின் வசந்தம் ஏறத்தாழ ஆறு வாரங்களே நீடிப்பது. தமிழ் நாட்காட்டி பின்பனி என்று கூறும் மாதங்களிலேயே அது வந்து சென்றுவிடுகிறது.

இவ்வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் இரு நகரங்களும் அமைந்துள்ள இடமே. சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 13 பாகை வடக்கே உள்ளது. தில்லி 28 பாகையையும் கடந்து வடக்கே அமைந்துள்ளது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. தில்லியிலோ டிசம்பர் மாதப் பகல் 10 மணி 20 நிமிடம் அளவே நீடிக்க, ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 14 மணி நேரம் நீடிக்கிறது. பகலின் நீளம் இவ்வளவு மாறும் ஊரில் செடிகளின் வாழ்க்கையும் அதற்கேற்ப அமைகிறது.

செடி இரவை அளக்கிறது

பகலின் நீளம் பூத்தலைத் தீர்மானிக்கிறது என்பதை கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிவியலார் இருவர் 1920ஆம் ஆண்டில் விளக்கினர். இதற்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர். இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி ஒளியை உணர்கிறது. அதன் துணையால் செடி ஒளி இல்லாத இரவின் நீளத்தை அளக்கிறது. இரவு உரிய அளவை அடைந்ததும் இலையிலிருந்து ஒரு செய்தி தண்டின் நுனிக்குச் செல்கிறது. அதுவரை இலைகளைத் தோற்றுவித்து வந்த நுனி, அதன்பின் அரும்புகளைத் தோற்றுவிக்கிறது.

பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் தாவரங்கள். செவ்வந்தி இவ்வகையைச் சேர்ந்தது. அதனால்தான் அது தில்லியில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பூக்கிறது. தெருவிளக்கின் ஒளி இரவு முழுவதும் விழும் இடத்தில் செவ்வந்தித் தொட்டியை வைத்தால், அது பூக்கக் காலம் தாழ்த்தும். இரவு வந்ததை அச்செடியால் உணர இயலாமையே அதற்குக் காரணம். பகல் நீளும்போது பூப்பவை நீள்பகல் தாவரங்கள். பெட்டூனியா, கலெண்டுலா, இனிப்புப் பட்டாணி ஆகியவற்றின் பூத்தலைப் பகல் நீள்வது விரைவுபடுத்துகிறது. மாசி மாதத் தோட்டத்தை நிறைப்பவை பெரும்பாலும் இவையே.

இச்செடிகளுள் பல ஒருபருவச் செடிகள். முளைப்பது, வளர்வது, பூப்பது, விதை தருவது, மடிவது ஆகிய அனைத்தையும் ஒரே பருவத்துக்குள் முடித்துக்கொள்பவை. குளிரைத் தாங்கும் இவற்றால் கடும் வெயிலைத் தாங்க இயலாது. அனல்காற்று வருவதற்குள் விதையை முற்றவைத்துவிட வேண்டும். வசந்தத்தில் அவை காட்டும் விரைவுக்குக் காரணம் இதுவே.

கொலு முதல் சித்திரை வரை

மாசியில் காணும் மலருக்குப் பின்னால் ஐந்து மாத உழைப்பு உள்ளது. தமிழ்க் குடும்பங்கள் கொண்டாடும் பண்டிகைகளை வைத்தே இவ்வேலைகளை நினைவில் கொள்ளலாம்.

நவராத்திரிக் கொலு வைக்கும் நாள்களில் மழை ஓய்ந்திருக்கும். அதுவே விதைக்கும் காலம். அகன்ற தட்டில் மண் பரப்பி, நுண்ணிய விதைகளைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். பெட்டூனியா விதை மணல் துகளைப் போன்றது. அதை மண்ணுக்குள் புதைத்தால் முளைக்காது. மேலே தூவினாலே போதும்.

தீபாவளியை ஒட்டி நாற்றுகள் நான்கைந்து இலைகளுடன் நிற்கும். அப்போது அவற்றைத் தொட்டியில் நடுவர். விதைக்க இயலாதவர் நாற்றுப்பண்ணையிலோ மாலி என அழைக்கப்படும் தோட்டக்காரரிடமோ நாற்றுகளை வாங்குவர். தோட்டமண் இரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்னும் கலவை பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றது. தொட்டியின் அடித்துளையின்மேல் உடைந்த ஓட்டுச்சில் ஒன்றை வைப்பது வழக்கம். நீர் வடியும், மண் வெளியேறாது.

கார்த்திகைத் தீபத்தின்போது செடியின் நுனியைக் கிள்ளிவிடுவர். நுனி போனால் பக்கக் கிளைகள் பல தோன்றும். கிளைகள் பெருகினால் பூக்களும் பெருகும். மார்கழிக் குளிரில் இளஞ்செடிகளின்மேல் இரவில் சாக்கோ பழைய துணியோ போர்த்துவர். பொங்கலின்போது முதல் அரும்புகள் தென்படும். மகா சிவராத்திரிக்குத் தோட்டம் முழுவதும் மலர்ந்திருக்கும். ஹோலி கடந்ததும் செடிகள் வாடத் தொடங்கும். சித்திரை முதல் நாளில் காய்ந்த தண்டுகளில் அடுத்த ஆண்டுக்கான விதைகள் இருக்கும்.

பூவின் பருவங்களைக் குறிக்கத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தோன்றும் நிலை அரும்பு. விரியத் தொடங்கும் நிலை போது. விரிந்த நிலை மலர். கீழே விழுந்த நிலை வீ. வாடிய நிலை செம்மல். தோட்டம் வளர்ப்பவர் இவற்றுள் செம்மலைக் கவனித்தல் வேண்டும். வாடிய பூவைச் செடியிலேயே விட்டுவிட்டால், செடி தன் ஆற்றலை விதை உண்டாக்கச் செலவிடும். அதனை உடனுக்குடன் கிள்ளி எடுத்தால் செடி மீண்டும் அரும்பு விடும். விதை வேண்டுமெனில் பருவத்தின் இறுதியில் சில பூக்களை மட்டும் முற்றவிடுவது முறை.

தொட்டிக்குள் உலகப் படம்

தில்லியின் வசந்தத் தோட்டத்தில் நிற்கும் செடிகள் பலவும் வேற்று நாடுகளிலிருந்து வந்தவை. புனல் வடிவில் பூக்கும் பெட்டூனியாவின் தாயகம் தென்னமெரிக்கா. கத்தரியும் தக்காளியும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஃபிளாக்ஸ் அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதிக்கு உரியது. அப்பெயருக்குக் கிரேக்க மொழியில் தீச்சுடர் என்பது பொருள். முகம் போன்ற தோற்றமுடைய பேன்சி ஐரோப்பாவைச் சேர்ந்தது. எண்ணம் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. கலெண்டுலாவின் தாயகம் மத்தியதரைக் கடற்பகுதி. மாதத்தின் முதல் நாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. நாட்காட்டியைக் குறிக்கும் காலண்டர் என்னும் சொல்லுக்கும் அதுவே வேர்.

டேலியா மெக்சிகோ நாட்டின் தேசிய மலர். அது கிழங்கிலிருந்தும் வளர்வது. நஸ்டர்ஷியம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து வந்தது. அதன் வட்ட இலையில் நீர்த்துளி, தாமரை இலையில் உருள்வதைப் போலவே உருளும். இனிப்புப் பட்டாணியின் தாயகம் இத்தாலியின் சிசிலித் தீவு. நறுமணம் மிக்க மலர் அது. ஆனால் அதன் விதை நச்சுத்தன்மை உடையது. பட்டாணி போலத் தோன்றினாலும் அதை வாயில் இடலாகாது.

தில்லியில் பொதுமக்கள் பார்வைக்கென வளர்க்கப்படும் தோட்டங்களும் உண்டு. குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மக்களுக்காகத் திறக்கப்படுகிறது. முகலாயத் தோட்டம் என்னும் அதன் பழைய பெயர் 2023ஆம் ஆண்டில் அமிர்தத் தோட்டம் எனப் பொருள்படும் 'அம்ரித் உத்யான்' என மாற்றப்பட்டது.

உறங்கும் மல்லிகை

தில்லித் தமிழர் வீடுகளில் ஒரு தொட்டியாவது மல்லிகைக்கு உரியது. மற்றச் செடிகள் எல்லாம் பூக்கும் மாசியில் அது மட்டும் இலை உதிர்ந்து, குச்சியாய் நிற்பதுண்டு. பட்டுவிட்டதென எண்ணி அதனைப் பிடுங்கி எறிந்துவிடுவோரும் உள்ளனர். உண்மையில் அது உறங்குகிறது. மல்லிகை வெப்பத்தை விரும்பும் செடி. குளிர் குறையும் வேளையில் அதன் கிளைகளைக் கத்தரித்து, மண்ணைக் கிளறி, தொழுவுரம் இட்டு, நல்ல வெயிலில் வைத்தல் வேண்டும். புதிய தளிர்களிலேயே அது அரும்பும். பெட்டூனியா மடியும் சித்திரையில் மல்லிகை பூக்கத் தொடங்கும். ஒரே வாசலில் இரு நிலங்களின் செடிகள் அடுத்தடுத்து முறை எடுத்துக்கொள்கின்றன.

வாசலைக் கடந்து தெருவுக்கு வந்தால் மரங்களும் வசந்தத்தை அறிவிக்கின்றன. இந்தியில் செமல் எனப்படும் இலவமரம், இலை ஒன்றும் இல்லாத கிளைகளில் பெரிய செந்நிறப் பூக்களைத் தாங்குகிறது. மைனாக்களும் காகங்களும் அணில்களும் தேனுக்காக அதை மொய்க்கின்றன. இலவின் காய் பழுக்கும் எனக் கிளி காத்திருந்து, இறுதியில் பஞ்சு பறக்கக் கண்டு ஏமாந்ததாம். 'இலவு காத்த கிளி' என்னும் உவமை இதிலிருந்தே எழுந்தது. இந்தியில் பலாஷ் எனப்படுவது தமிழில் புரசு. சென்னையின் புரசைவாக்கம் இம்மரத்தால் பெயர் பெற்ற ஊர். கச்னார் என்பது மந்தாரை.

வசந்தம் சுருங்கினால்

செடியின் கணக்கில் இரவின் நீளம் ஒரு பாதி. வெப்பநிலை மறு பாதி. இரவின் நீளம் ஆண்டுதோறும் மாறுவதில்லை. வெப்பநிலையோ மாறி வருகிறது. 1901ஆம் ஆண்டு முதல் தொகுக்கப்பட்டுள்ள இந்திய வானிலைப் பதிவுகளின்படி, 2022 மார்ச் அதுவரை கண்ட மார்ச் மாதங்களுள் மிக வெப்பமானது. அடுத்த ஆண்டின் பிப்ரவரியும் அவ்வாறே அதுவரை கண்ட பிப்ரவரிகளுள் மிக வெப்பமானதாக அமைந்தது.

இத்தகைய ஆண்டுகளில் பேன்சியும் இனிப்புப் பட்டாணியும் முன்னதாகவே வாடிவிடும். விதைகள் முற்றுமுன் தண்டு காயும். பூ சில வாரம் முன்னே வாடினால் பெரிய இழப்பு இல்லை என்று தோன்றலாம். ஆனால் பஞ்சாப், ஹரியானா வயல்களில் வளரும் கோதுமையும் இதே பருவத்துச் செடி. நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுவடை செய்யப்படும் அது, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மணியில் மாவைச் சேர்க்கிறது. அப்போது வெயில் கடுமையானால் மணி நிறையுமுன் பயிர் முதிர்ந்துவிடுகிறது. மணிகள் சுருங்கி எடை குறைகின்றன. 2022இல் இவ்வாறே நேர்ந்தது. உள்நாட்டுத் தேவையையும் விலை உயர்வையும் கருதி, இந்திய அரசு அவ்வாண்டு மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. வாசலில் பூ வாடுவதும் வயலில் மணி சுருங்குவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். தொட்டியைக் கவனிப்பவர் வயலின் நிலையையும் ஓரளவு அறிகிறார்.

வீட்டுத்தோட்டத்தில் செய்யத்தக்கவை சில உண்டு. மார்ச் தொடங்கியதும் தொட்டிகளைப் பிற்பகல் நிழலுக்கு நகர்த்தலாம். மண்ணின்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி மூடாக்கு இட்டால் ஈரம் காக்கப்படும். காலையில் நீர் ஊற்றுவது நன்று. எல்லாச் செடிகளும் வாடியபின்னும் தாங்கி நிற்கும் செடியிலிருந்து விதை எடுத்து, உலர்த்தி, காகித உறையில் இட்டு, பெயரும் நாளும் எழுதி வைக்கலாம். ஆண்டுதோறும் முதல் பூ மலர்ந்த நாளைக் குறித்து வைத்தால், சில ஆண்டுகளில் அது மதிப்புமிக்க பதிவாகிவிடும்.

பெயரிடும் மரபு

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. தம்மைச் சூழ்ந்த ஒவ்வொரு பூவையும் கூர்ந்து பார்த்தவர்களாலேயே அத்தனை பெயர்களை வழங்க இயலும். பிற்காலத்தில் கடல் கடந்து வந்த செடிகளுக்கும் தமிழர் பெயரிட்டனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து மாலையில் விரிந்த பூ அந்திமந்தாரை ஆயிற்று. தாளைப் போன்ற இதழ்களைக் கொண்டதாகத் தோன்றியது காகிதப்பூ ஆயிற்று. மெக்சிகோவிலிருந்து வந்து, இந்தியில் கேந்தா என வழங்குவது செண்டுமல்லி ஆயிற்று. பூவின் வடிவையோ இயல்பையோ அது மலரும் பொழுதையோ பார்த்துப் பெயரிட்டனர், பெயர் நிலைத்தது.

பெட்டூனியாவுக்கும் ஃபிளாக்சுக்கும் பேன்சிக்கும் மக்கள் வழக்கில் நிலைத்த தமிழ்ப்பெயர் இன்னும் அமையவில்லை. தமிழ்நாட்டின் சமவெளித் தெருக்களில் அவை பெருமளவில் பூப்பதில்லை என்பது அதற்கு ஒரு காரணமாகலாம். அவற்றை நாள்தோறும் பார்ப்பவர்கள் தில்லி போன்ற வட இந்திய நகரங்களில் வளரும் தமிழ்க் குழந்தைகளே. அப்பூக்களுக்குத் தமிழில் பெயரிடத் தக்கவர்களும் அவர்களே.

அருஞ்சொற்பொருள்

பெரும்பொழுது – ஓர் ஆண்டின் ஆறு பருவப் பிரிவு
கூதிர் – குளிர்காற்று வீசும் பருவம்
பாகை – கோண அளவு, டிகிரி
தொழுவுரம் – மாட்டுத் தொழுவத்துச் சாணமும் குப்பையும் மக்கிய உரம்
செம்மல் – வாடிய பூ
மூடாக்கு – மண்ணை மூடும் இலை, வைக்கோல் முதலியவை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தமிழர் பகுத்த ஆறு பெரும்பொழுதுகள் யாவை?
2. செவ்வந்தித் தொட்டியைத் தெருவிளக்கின் கீழ் வைத்தால் பூத்தல் தாமதமாவது ஏன்?
3. வாடிய பூவைக் கிள்ளி எடுப்பதால் விளையும் பயன் யாது?
4. மாசியில் மல்லிகைச் செடி இலையின்றி நிற்பது ஏன்?

ஆ. விரிவான விடை எழுதுக.
1. தில்லியின் வசந்தமும் தமிழ் நாட்காட்டியின் இளவேனிலும் வேறுபடுவதற்கான காரணத்தை விளக்குக.
2. 'வாசலில் பூ வாடுவதும் வயலில் மணி சுருங்குவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்' – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

இ. பொருத்துக.
கேந்தா – புரசு
மோக்ரா – இலவு
பலாஷ் – மந்தாரை
செமல் – செண்டுமல்லி
கச்னார் – மல்லிகை

ஈ. 'இலவு காத்த கிளி போல' என்னும் உவமையைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பூத்திருக்கும் ஒரு செடியைப் பத்து நாள்கள் உற்றுநோக்குக. அரும்பு, போது, மலர், செம்மல் ஆகிய நிலைகளை அடைந்த நாள்களைக் குறிக்க. அப்பூவுக்குத் தமிழ்ப்பெயர் இல்லையெனில், அதன் வடிவம், நிறம், மலரும் பொழுது ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு பெயர் ஒன்றை உருவாக்கி, அதற்கான காரணத்தையும் எழுதுக. வீட்டிலுள்ள பாட்டி, தாத்தாவிடம் அப்பெயரைக் கூறி அவர்தம் கருத்தையும் கேட்டறிக.